நானும் அந்தப் பக்கம்தான்

அந்த மாஸ்டரிடம் மட்டும் வழி கேட்டுவிடாதீர்கள் என்று கல்யாணத்துக்கு வருகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது எங்கள் பக்கத்தில் ஒரு வேடிக்கையாக இருந்தது. கேட்டால் எரிகிற அடுப்பை விட்டுவிட்டுக் கூடவே கிளம்பிவிடுவார்.

கலசப்பாக்கத்திலிருந்து ஜவ்வாது மலையைப் பார்த்துப் போகிற சாலையில், அடிவாரத்து ஊர் ஒன்றில் அவர் வீடு. காதுகுத்து, கல்யாணம், கருமாதி எதுவானாலும் சுற்று வட்டாரத்தில் அவர்தான் சமையல். ஊரே மாஸ்டர் என்று கூப்பிட்டது. நான் அண்ணா என்பேன். குள்ளமான ஆள். முன்பக்கம் சாய்ந்த வேகமான நடை. உப்பு சரியா என்று நாக்கில் வைத்துப் பார்க்கமாட்டார், ஆவியை முகர்ந்தே சொல்லிவிடுவார். சொன்னது தப்பி நான் பார்த்ததில்லை.

என் அக்கா கல்யாணத்தில்தான் அவருடைய வித்தையை முதலில் பார்த்தேன். பந்தி போட ஒரு மணி நேரம் இருக்கும். மண்டபத்தின் பின்பக்கம் மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்து, வேறு ஏதோ ஊரில் நடக்கிற வேறு ஏதோ கல்யாணத்துக்கு வழி கேட்டார். இவர் கரண்டியைத் தட்டில் வைத்தார். துண்டில் கையைத் துடைத்தார். “நானும் அந்தப் பக்கம்தான் போறேன், வாங்க” என்று வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார். திரும்பி வந்தபோது சாம்பார் அடிபிடித்திருந்தது, என் அப்பா நடு முற்றத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

“நீ இன்னாத்துக்குய்யா அந்தப் பக்கம் போற? உனக்கு இங்கதானே வேல?”

“அவங்களுக்கு நேரமாயிடுச்சிங்க” என்றார்.

“எனக்கு ஆவலையா?”

அவர் நேராக அடுப்புக்குப் போனார். அண்டாவைக் கலக்காமல், மேலோடு மேலாக மொண்டு வேறு பாத்திரத்துக்கு மாற்றி, என்னவோ அரைத்து ஊற்றினார். அன்றைக்குச் சாம்பாரைப் பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள். அப்பாவே இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதனால்தான் அவரை யாரும் விடவில்லை என்று நினைக்கிறேன்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று அவரே ஒருநாள் ஷேர் ஜீப்பில் போகும்போது சொன்னார். அவருடைய அம்மா ஊர் மலைமேல், நெல்லிவாசல் பக்கம். பத்துப் பன்னிரண்டு வயது வரை அங்கேதான் இருந்தாராம்.

“மேல வாயால வழி சொன்னா ஆவாதும்மா. சாம வெதைச்சிட்டா ஒரு வழி, அறுத்துட்டா ஒரு வழி. பெரிய பலா மரத்தாண்ட திரும்புன்னு சொன்னா எந்தப் பலா மரம்? அதனால கேட்டவங்கள அடுத்த பிரிவு மட்டும் கொண்டாந்து வுட்டுடணும். அங்க வேற ஆளு இருப்பாங்க, அவங்க பாத்துக்குவாங்க.”

“யாருமே இல்லன்னா?”

“அப்ப அதுக்கு அடுத்த பிரிவு.”

“அது இன்னாண்ணா, எப்பப் பாத்தாலும் நானும் அந்தப் பக்கம்தான்னு ஒரு பொய்யி?”

“நம்மளால இவருக்குச் செரமம்னு அவங்களுக்குத் தோணக் கூடாது பாரு.”

மலைமேல் இது சரி. அங்கே பாதை பிரிகிற ஒவ்வொரு பிரிவிலும் கொல்லையில் வேலை செய்கிற ஆள் இருக்கும், கொண்டுவந்து விட்டவர் திரும்பிவிடலாம். கீழே இறங்கி வந்தபிறகு எந்த இடத்தில் திரும்புவது என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை.

எனக்கு இதெல்லாம் எரிச்சல் தரும் விஷயம். என் பிழைப்பு அப்படி. சென்னையில் ஒரு டிராவல்ஸ் கம்பெனியில் வேலை. வெளிநாட்டுக்குக் கூட்டமாகப் போகிறவர்களைக் குச்சியில் கொடி கட்டித் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேய்க்க வேண்டும். காலையில் ஒரு தடவை, பஸ்ஸில் ஏறும்போதெல்லாம் ஒரு தடவை, தலை எண்ண வேண்டும். மனிதர்களைப் பார்த்தாலே இவர் நேரத்துக்கு வருவாரா, இவரால் பஸ் எவ்வளவு நேரம் நிற்கும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். எனக்குத் தெரியாததை யாராவது கேட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன். அதில் எனக்கு வெட்கமும் இல்லை.

எங்கள் குழுக்களில் வருகிறவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். பத்து நாள் ரொட்டி சாப்பிடச் சொன்னால் ஊருக்கே திரும்பிவிடுவார்கள். அதற்காகக் கம்பெனி கூடவே ஒரு சமையல்காரரை அனுப்பும். குக்கர், மிளகாய்த் தூள், அப்பளக் கட்டு எல்லாம் பெட்டியில் ஏறும். பழைய சமையல்காரர் நின்றுவிட்ட சமயத்தில் நான்தான் இவர் பெயரைச் சொன்னேன். எகிப்துக்கு என்றதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“அங்க தண்ணி எப்டிம்மா? பருப்பு வேவுமா?”

வெந்தது. கெய்ரோவில் மூன்று நாள், அங்கிருந்து பஸ்ஸில் அலெக்சாந்திரியாவுக்கு வந்து இரண்டு நாள். நான்கு தடவை அந்தக் கடற்கரை நகரத்துக்கு அவரோடு போயிருக்கிறேன்.

அலெக்சாந்திரியா என்னைப் போன்றவர்களுக்குத் தலைவலி பிடித்த ஊர். அங்கே எது பேர்பெற்றதோ அதெல்லாம் இப்போது இல்லை. உலக அதிசயம் என்று படித்த கலங்கரை விளக்கம் எப்போதோ இடிந்து கடலுக்குள் போய்விட்டது. அது நின்ற இடத்தில் ஒரு கோட்டை இருக்கிறது. பழைய நூலகமும் இல்லை, அதன் நினைவாகப் புதிதாக ஒன்று கட்டியிருக்கிறார்கள். ஊரை உண்டாக்கிய ராஜாவை எங்கே புதைத்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. நான் கொடியைத் தூக்கிக்கொண்டு போய் நின்று “இங்கேதான் இருந்தது” என்பேன். எல்லாரும் நான் காட்டிய பக்கம் பார்ப்பார்கள். அங்கே கடல் இருக்கும்.

ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாகப் பார்ப்பார்கள். பேங்கில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், “இல்லாதத காட்டுறதுக்கா இவ்ளோ தூரம் இட்டாந்தீங்க?” என்று என்னிடம் சண்டைக்கே வந்தார். ஒரு அம்மாள் வெறும் கடலைப் படம் எடுத்து, லைட் ஹவுஸ் என்று எழுதி மகனுக்கு அனுப்பினார். கடலோரச் சுவரில் வரிசையாக உட்கார்ந்து நீளத் தூண்டில் போடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே நின்ற ஒருவர் பஸ்ஸில் ஏற மறுத்துவிட்டார், அவர் மனைவி கையைப் பிடித்து இழுத்து வந்தார். சாயங்காலம் ஓட்டலில் ரசமும் அப்பளமும் வந்ததும் எல்லாருக்கும் பேச்சு வந்துவிடும். எப்பேர்ப்பட்ட இடம், எவ்வளவு உயரம் என்று கலங்கரை விளக்கத்தைக் கண்ணால் பார்த்த மாதிரியே பேசிக்கொள்வார்கள். மாஸ்டர் பரிமாறிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்பார்.

அவர் அந்த ஊரில் எதையும் பார்த்ததில்லை. பஸ்ஸிலிருந்து ஓட்டலின் பின்கட்டு, பின்கட்டிலிருந்து பஸ். ஆனால் ஊர் அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. காரணம் ஒரு கொத்தமல்லிக் கட்டு. இரண்டாம் பயணத்தில் கொத்தமல்லி வாங்க வெளியே போனவர், கையில் மிச்சமிருந்த ஒரு காம்பைக் காட்டி ஒருவரிடம் கேட்டிருக்கிறார். அந்த ஆள் மூன்று சந்து தாண்டி ஒரு தையல் கடைக்குக் கூட்டிப் போயிருக்கிறார். தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு இருவரையும் மருந்துக் கடைக்குக் கூட்டிப் போயிருக்கிறார். மருந்துக் கடைக்காரரும் சேர்ந்துகொண்டார். கடைசியில் நான்கு பேருமாகக் கொத்தமல்லியைக் கண்டுபிடித்தது எங்கள் ஓட்டலுக்குப் பக்கத்துக் கடையில்.

மதியச் சாப்பாடு ஒன்றரை மணி நேரம் தாமதம். நான் கொதித்துப்போய் நின்றேன். இவர் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

“இங்க யாருமே தெரியாதுன்னு சொல்றதில்லம்மா. அல்லாரும் கூடவே வர்றாங்க.”

“அவங்களுக்கும் தெரியலண்ணா. தெரியாம நாலு பேரு ஊரச் சுத்திக்கினு வந்திருக்கீங்க.”

“கெடச்சிச்சில்ல?” என்றார்.

கிடைத்தது உண்மைதான்.

நான்காவது பயணத்தில் இருபத்தெட்டுப் பேர். அதில் கணியம்பாடியில் பிறந்து சென்னையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், மகளோடு வந்திருந்தார். தேய்த்த சட்டை, வழித்துச் சீவிய தலை, மரியாதையான பேச்சு. கேட்டதையே திரும்பக் கேட்பார். காது மந்தம் என்று நினைத்துக்கொண்டேன். கம்பெனி படிவத்தில் உடல்நிலை என்ற இடத்தில் மகள் ‘சர்க்கரை மட்டும்’ என்று எழுதியிருந்தாள்.

அலெக்சாந்திரியாவில் இரண்டாம் நாள் காலை. கோட்டை வாசலில் பஸ் நின்றது. காற்று தூக்கியடித்தது. டிக்கெட் கொடுக்கிறவன் எண்ணிக்கை தப்பு என்று என்னை நிறுத்திவைத்திருந்தான். பின்னால் இரண்டு பேர் கழிவறை எங்கே என்று துளைத்தெடுத்தார்கள். அந்த நேரத்தில் பெரியவர் வந்து என் முன்னால் நின்றார்.

“ஏம்மா, கணியம்பாடி பஸ்ஸு எங்க நிக்கும்?”

நான் சிரித்துவிட்டேன். கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்தேன். பஸ்ஸுக்குப் பின்னால் சாப்பாட்டு டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தவரைக் கையால் காட்டி, “அதோ மாஸ்டர், உங்க பக்கத்து ஆளுதான். அவர கேளுங்க அங்கிள்” என்றேன்.

அவரிடம் வழி கேட்டால் என்ன நடக்கும் என்று அந்த நாட்டில் அன்றைக்குத் தெரிந்திருந்த ஒரே ஆள் நான். அக்கா கல்யாணத்திலிருந்து தெரியும். அப்படியிருந்தும் கையைக் காட்டினேன். மறந்துபோய்க் காட்டினேனா, அல்லது யாராவது இந்த மனிதரை என் முன்னாலிருந்து கூட்டிக்கொண்டு போனால் போதும் என்று காட்டினேனா என்பது எனக்கே தெளிவாக இல்லை. எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன்.

கோட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்து தலை எண்ணினேன். இருபத்தேழு. மறுபடி எண்ணினேன். பஸ்ஸுக்குப் பின்னால் டப்பாக்கள் பாதி அடுக்கியபடி கிடந்தன. பஸ் டிரைவர், உங்கள் சமையல்காரரும் கிழவரும் கை கோத்துக்கொண்டு போனார்கள் என்று கடலோரச் சாலையைக் காட்டினான். அது கண்ணுக்கு எட்டிய வரை வளைந்து போகிற சாலை.

அப்பா கூட்டத்தில் பின்னால் வருகிறார் என்று நினைத்திருந்த மகள் அங்கேயே கல்லில் உட்கார்ந்துவிட்டாள். அப்பாவுக்கு இரண்டு வருஷமாக மறதி நோய் என்று அப்போதுதான் சொன்னாள்.

“சொல்லியிருந்தா கூட்டிக்கினு வந்திருப்பீங்களா?” என்றாள்.

மாட்டோம்தான். ஆனால் அதைச் சொல்ல நேரமில்லை. பெரியவரிடம் போன் இல்லை. மாஸ்டருடைய போன் ஓட்டல் வைஃபை இல்லாமல் வேலை செய்யாது. போலீசுக்குச் சொல்லி, உள்ளூர்க் கைடை ஒரு பக்கம் அனுப்பி, நானும் மகளும் டாக்சியில் அந்தச் சாலையில் போவதும் வருவதுமாக இருந்தோம். வெயில் ஏறிக்கொண்டே போனது. மகள் கையில் அப்பாவின் சர்க்கரை மாத்திரைப் பட்டையை வைத்துக்கொண்டிருந்தாள். வேலை போய்விடும் என்று பயந்தேன். பெரியவர் உயிருக்கு ஏதாவது ஆகிவிடும் என்றும் பயந்தேன். எந்தப் பயம் முதலில் வந்தது என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது.

ஐந்து மணி நேரம் கழித்து, டீக்கடை ஒன்றிலிருந்து ஓட்டலுக்கு யாரோ போன் பண்ணினார்கள். டிராம் பாதைக்குப் பின்னால் ஒரு சந்து. போய்ப் பார்த்தால் பெரியவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு டீ குடிக்கிறார். உள்ளூர்க்காரர் ஒருவர் அட்டையால் அவருக்கு விசிறுகிறார். நம்மவர் வியர்வையில் தெப்பமாக நனைந்து, பெரியவருடைய செருப்பை ஒரு கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மகள் ஓடிப்போய் அப்பாவைக் கட்டிக்கொண்டாள். “பஸ்ஸு நாளைக்குத்தானாம்மா” என்று அவர் அவளுக்கு ஆறுதல் சொன்னார்.

டீக்கடைக்காரர் என்னிடம் ஓட்டல் கார்டை நீட்டினார். மாஸ்டர் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாராம்.

“கார்டு பாக்கெட்லயே இருந்திச்சா? காலையிலேருந்தா?”

“ஆமாம்மா.”

“அப்ப மொதல்லயே யார்கிட்டயாவது காட்டறதுக்கு இன்னாண்ணா?”

“அவரு ஓட்டலுக்கு வழி கேக்கலம்மா. இப்பதான் போதும், நாளைக்குப் பாத்துக்கலாம்னாரு. ஒடனே காட்டிட்டேன்.”

“இந்த ஊர்ல கணியம்பாடி பஸ்ஸு இல்லங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?”

“அவரு வூட்டுக்குப் போவணும்ன்றாரு. இல்லன்னு எப்டி சொல்றது? அடுத்த பிரிவு மட்டும் போலாம்னுதான் போனேன். இங்க ஊரு பூராவும் பிரிவாவே இருக்குதும்மா.” பிறகு, என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில், “நீயுந்தான் இல்லாத லைட்டவுசுக்கு அல்லாரையும் இட்டுனு போறியே” என்றார்.

குத்திக்காட்டுகிறார் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால் அவர் அப்படிப்பட்ட ஆளே இல்லை. அவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்திருக்கும். ஆனால் அந்த டீக்கடையில் பத்துப் பேர் பார்க்க நின்றுகொண்டிருந்த எனக்கு அது சுருக்கென்று தைத்தது. அந்தச் சூடு ஆறுவதற்குள் ஓட்டலுக்கு வந்து கம்பெனிக்கு அறிக்கை எழுதினேன். ஒரு பக்கம். சமையல்காரர் யாரிடமும் சொல்லாமல், தானாகவே பயணியை அழைத்துப் போய்விட்டார் என்று எழுதினேன். பெரியவர் முதலில் என்னிடம் கேட்டதையும் நான் கையைக் காட்டியதையும் எழுதவில்லை. எழுதினால் எனக்கு வேலை இருக்காது என்று அப்போது தோன்றியது.

அதோடு அவரைக் கம்பெனி நிறுத்திவிட்டது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. விமான நிலையத்தில் குக்கர் பெட்டியை ஒப்படைத்துவிட்டு, “வர்றேம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அது வெளியூரோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. நான் வீட்டில் அப்பாவிடம் சொன்னேன், அப்பா கடைத்தெருவில் சொன்னார். வெளிநாட்டில் ஆளைத் தொலைத்தவன் என்று பேர் வந்துவிட்டது. முன்பு எதைச் சொல்லிச் சிரித்தார்களோ அதையே முகத்தைச் சுளித்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார்கள். பந்தி நடுவில் எங்கேயாவது போய்விட்டால் யார் பதில் சொல்வது என்று, வருஷக்கணக்கில் அவர் கையால் சாப்பிட்டவர்களே வேறு மாஸ்டரைக் கூப்பிட்டார்கள். அவர் இல்லாத ஒரு கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். சாம்பார் வாயில் வைக்க வழங்கவில்லை. யாரும் எதுவும் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்தார்கள். நானும்தான்.

ஏழெட்டு மாதம் கழித்து அந்தப் பெரியவரின் மகள் போன் பண்ணினாள். அப்பா நன்றாக இருக்கிறாராம். தினமும் அந்தத் தம்பி எங்கே என்று கேட்கிறாராம். பேச்சோடு பேச்சாக அவளே சொன்னாள்.

“அன்னிக்குக் காலையில ரூம்லயே என்னாண்ட மூணு தடவ கேட்டாரு மேடம், கணியம்பாடி பஸ்ஸு எங்கன்னு. பேசாம வாங்கப்பான்னு சொல்ட்டு காதுல இயர்போன மாட்டிக்கினேன். யாராண்டயும் இத சொன்னதில்ல.” பிறகு கேட்டாள். “உங்களாண்ட எதுனா கேட்டாரா?”

“இல்லையே” என்றேன்.

அறிக்கையில் எழுதாமல் விட்டது ஒன்று, வாயைத் திறந்து சொன்னது ஒன்று. அந்த ‘இல்லையே’ என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டது. சாப்பிட உட்கார்ந்தால் ஞாபகம் வரும். கூட்டத்தில் யாராவது வயதானவர் என்னைப் பார்த்து வந்தால் கொடியைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். கடைசியில் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினேன். பயணி முதலில் என்னிடம் வழி கேட்டார், நான் சொல்லித்தான் சமையல்காரரிடம் போனார், நான் சொன்னதால்தான் அவர் கூட்டிப் போனார், தவறு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். நேராக அனுப்பியிருக்கலாம். அவரிடம் காட்டிவிட்டு அனுப்புவோம் என்று பையில் வைத்துக்கொண்டு அடிவாரத்துக்குக் கிளம்பினேன். எதற்குக் காட்ட வேண்டும் என்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

பங்குனி மாதம். அவர் வீட்டு வாசலில் பெரிய அண்டாக்கள் கவிழ்த்துக் கிடந்தன, மேலே தூசி படிந்திருந்தது. அவர் மனைவி சாக்கை விரித்துப் புளி தட்டிக்கொண்டிருந்தார். ஓட்டை உடைத்துக் கொட்டை எடுத்துக் கொடுக்கிற கூலி வேலை. அவரும் பக்கத்தில் உட்கார்ந்து நார் உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து முகம் மலர்ந்து, “வாம்மா, அந்தப் பெரியவரு எப்டி கீறாரு?” என்றார். அவர் மனைவி தட்டுவதை நிறுத்தவில்லை.

கவிழ்த்த அண்டாவின் மேலேயே உட்கார்ந்துகொண்டு கடிதத்தைப் படித்துக் காட்டினேன். முடித்துவிட்டு, “நான்தாண்ணா உங்களாண்ட கை காட்டி அனுப்பினேன். அத மறைச்சிட்டேன்” என்றேன்.

“தெரியும்மா. நீ காட்டினத பாத்தேன்.”

“அப்ப ஏண்ணா கம்பெனில சொல்லல?”

“அத எதுக்குச் சொல்றது?” என்றார் அவர். புளியை வைத்துவிட்டுக் கையைத் துண்டில் துடைத்தார். அவர் முகம் சுருங்கியிருந்தது. அத்தனை வருஷத்தில் அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை, அதனால் அது கோபம் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. “நீ சொன்னதால நான் போனேன்னு எழுதிக்கீறியே, அது பொய்யி. அத அடிச்சிடு.”

“அண்ணா, அந்த வரிதான் முக்கியம். அது இருந்தாத்தான் உங்கமேல தப்பில்லன்னு ஆவும்.”

“என்ன யாரும் அனுப்பல. அவரு என்னாண்ட கேட்டாரு, நான் போனேன். நீ கை காட்டலன்னாலும் போயிருப்பேன். மொத எழுதினியே, தானாவே போனாருன்னு, அதான் சரி.”

“அது சரியா?” அவர் மனைவி நிமிர்ந்தார். “இன்னாய்யா சரி? அதனாலதான இந்தப் புளியத் தட்டிக்கினு குந்தியிருக்கோம். நாலு பேரு வூட்டுல மறுபடியும் கூப்டுவாங்க. அந்த வரி இருக்கட்டும்மா, நீ அனுப்பு.”

“இருக்கக் கூடாது” என்றார் அவர். குரலை உயர்த்தவில்லை. “வழி தெரியாம ஒரு மனுசன் வந்து கேட்டாரு. அவரு கூட அஞ்சி மணி நேரம் நடந்தேன். எனக்கும் பயமாத்தான் இருந்திச்சி. ஒரு எடத்துல அழுதே போட்டேன், அவருதான் கண்ணத் தொடச்சி வுட்டாரு. அதப் போயி ஒரு பொண்ணு ஏவி வுட்டதால போனான்னு எழுதிட்டா, அப்பறம் அது இன்னாத்துக்கு ஆவும்? அத அடிச்சிடு தங்கச்சி.”

நான் அவர் மனைவியைப் பார்த்தேன். கையில் தட்டுக்கோலைப் பிடித்துக்கொண்டு, நான் என்ன செய்யப்போகிறேன் என்று காத்திருந்தார். யார் சொல்வதைக் கேட்பது என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவருக்காகக் கொண்டுவந்த கடிதம். அவரே வேண்டாம் என்கிறார். வேண்டும் என்கிறவர் என் அறிக்கையால் பட்டினி கிடந்தவர்.

பையிலிருந்து பேனாவை எடுத்தேன். கடிதத்தை முழங்காலில் வைத்து, நான் சொன்னதால்தான் அவர் கூட்டிப் போனார் என்ற வரியை முழுதாக அடித்தேன். அதை அடித்ததும் தவறு என்னுடையது என்ற அடுத்த வரிக்கும் பொருள் இல்லாமல் போனது. அதையும் அடித்தேன். அதன்பிறகு, வழி கேட்டவரை அவரிடம் அனுப்பினேன் என்பது மட்டும் மிஞ்சிய அந்தக் காகிதத்தில் அவரைக் காப்பாற்றவும் ஒன்றுமில்லை, என்னை மாட்டிவிடவும் பெரிதாக ஒன்றுமில்லை.

பேனா மூடியைப் போட்டபோது என்னையறியாமல் ஒரு நிம்மதிப் பெருமூச்சு வந்துவிட்டது. அவர் குனிந்து புளி நாரைத் தேடிக்கொண்டிருந்தார், கவனிக்கவில்லை. அவர் மனைவி பார்த்துவிட்டார்.